கியாக்தாவின் எல்லைவாயில்

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவிலே வாழ்வோருக்கு வாணிகம் என்றவுடன் துறைமுகமும் கப்பலுமே மனக்கண்முன் தோன்றும். தரையிலே ஓர் எல்லைக் கோடு கிழித்து, அக்கோட்டிலே ஒரு வாயிலும் அமைத்து, அவ்வாயில் ஒன்றன் வழியாகவே இரு பெரும் பேரரசுகளின் செல்வம் நூறாண்டுகளுக்கு மேலாகப் போய்வந்தது என்றால், அது சற்றுப் புதுமையாகவே தோன்றும். அத்தகைய வாயில் ஒன்று இருந்தது. அதன் பெயர் கியாக்தா.

சைபீரியாவின் பைக்கால் ஏரிக்குத் தெற்கே, மணற்பாங்கான வெளியொன்றிலே, சிற்றோடை ஒன்றின் அருகே அமைந்த ஊர் அது. இன்று அவ்விடம் ருஷ்யாவுக்கும் மொங்கோலியாவுக்கும் இடைப்பட்ட எல்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டிலே மொங்கோலியா மஞ்சு மரபினர் ஆண்ட சீனப் பேரரசுக்கு அடங்கியிருந்தது. ஆகவே ருஷ்யச் சக்கரவர்த்தியின் நாடும் சீனச் சக்கரவர்த்தியின் நாடும் ஒன்றையொன்று தொட்ட இடம் கியாக்தா எனலாம்.

1689ஆம் ஆண்டு நேர்ச்சின்ஸ்க் என்னுமிடத்திலே செய்யப்பட்ட உடன்படிக்கையின் பின்னர் ருஷ்ய வணிகச் சாத்துகள் பீக்கிங் நகர்வரை சென்று வரத் தொடங்கின. இன்று பெய்ஜிங் என வழங்குவது அந்நகரே. விரைவிலேயே ருஷ்ய அரசு அவ்வாணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. சாத்து ஒன்று போய்த் திரும்ப ஆண்டுகள் பல சென்றன. தம் தலைநகரிலே அயல்நாட்டார் நீண்டகாலம் தங்குவதைச் சீன அதிகாரிகளும் விரும்பினாரல்லர். இந்நிலையிலே சாவா விளாடிஸ்லாவிச் ரகுசின்ஸ்கி என்ற தூதரை ருஷ்ய அரசு அனுப்பிவைத்தது. அவர் நிகழ்த்திய பேச்சுகளின் பயனாக 1727ஆம் ஆண்டு கியாக்தா உடன்படிக்கை உருவாயிற்று. எல்லை வரையறுக்கப்பட்டது. அவ்வெல்லையிலே வாணிகத்துக்கென இரண்டு இடங்கள் குறிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றாகிய சுருக்காய்த்து என்றும் தலையெடுக்கவில்லை. மற்றையதே கியாக்தா. அங்கே ஓடும் சிற்றோடை ருஷ்யப் பக்கத்திலிருந்து சீனப் பக்கம் நோக்கிப் பாய்வதனால், அயலார் நீரை நஞ்சாக்க முடியாதெனக் கருதியே தூதர் அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்றொரு கதையும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, இருபாலாரிடமும் நிலவிய நம்பிக்கை எவ்வளவு என்பதை அது காட்டிவிடுகிறது.

ருஷ்யப் பக்கத்திலே கியாக்தா எழுந்தது. அதற்கெதிரே, கூப்பிடு தூரத்திலே, சீன வணிகர் தமக்கென ஓர் ஊரைக் கட்டினர். அதற்கு மைமைசெங் என்று பெயர். வாங்கும் விற்கும் ஊர் என்பது அதன் பொருள். இவ்வளவு வெளிப்படையான பெயருடைய ஊர் உலகில் வேறெங்கேனும் உண்டோ என்பது ஐயமே. அவ்வூருக்குள்ளே பெண்கள் எவரும் வாழ்தல் கூடாதென்பது சீன அரசின் கட்டளை. வணிகன் அங்கே வேரூன்றிவிடக் கூடாது. ஈட்டியதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பவேண்டும் என்பதே அதன் நோக்கம். வணிகர்களுட் பெரும்பாலோர் வட சீனத்துச் சான்சி மாகாணத்தவர். பீக்கிங்கிலிருந்து அனுமதிச் சீட்டுப் பெற்றே அவர்கள் வந்தனர். மேற்பார்வைக்கு அரசின் அதிகாரி ஒருவரும் அங்கே இருந்தார்.

கொடுக்கல் வாங்கல் நடந்த முறையை வில்லியம் கொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1780ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே விவரித்துள்ளார். சீன வணிகன் முதலிலே கியாக்தாவுக்கு வந்து, ருஷ்ய வணிகனின் பண்டசாலையிலே சரக்கைப் பார்வையிடுவான். பின்னர் இருவரும் வீட்டுக்குச் சென்று, தேநீர் அருந்தியவாறே விலை பேசி முடிப்பர். மீண்டும் பண்டசாலைக்குத் திரும்பிச் சரக்குக்கு முத்திரை இடுவர். அதன்பின் இருவரும் மைமைசெங் சென்று, ருஷ்ய வணிகன் தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுப்பான். தன் நம்பிக்கைக்குரிய ஆள் ஒருவனை அங்கே விட்டுவருவான்; ருஷ்யச் சரக்கு வந்து சேர்ந்ததும் அவ்வாள் சீனச் சரக்குடன் திரும்புவான். பொழுது சாய்ந்தால் அயலார் தத்தம் எல்லைக்குள் போய்விட வேண்டும். பேச்சுக்கு உதவியது ருஷ்யச் சொற்களைச் சீன முறையிலே கோத்த ஒரு கலப்பு மொழி. இலக்கணம் அறிந்தோர் அதைக் கேட்டு நகைத்தனர். ஆயினும் ஏராளமான பொருள் கைமாறியது அம்மொழியிலேதான்.

இவ்வாணிகத்திலே பணம் இல்லை என்பது கருதற்பாலது. ருஷ்ய வெள்ளி எல்லையைத் தாண்டிப் போதல் ஆகாதென ருஷ்ய அரசு தடைவிதித்திருந்தது. ஆகவே எல்லாம் பண்டமாற்று. ஆயினும் ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? தொடக்கத்திலே கித்தைக்கா எனப்பட்ட சீனப் பருத்தித் துணியின் ஒரு துண்டு அளவுகோலாயிற்று. இத்தனை அணில் தோலுக்கு இத்தனை துண்டு எனக் கணக்கிட்டனர். 19ஆம் நூற்றாண்டிலே அவ்விடத்தைத் தேயிலைப் பெட்டி பிடித்துக்கொண்டது. தடை இருந்தால் அதைச் சுற்றிச் செல்லும் வழியும் பிறந்துவிடும். 1850களின் நடுவிலே வெள்ளியாலான பொருள்களைக் கொடுக்கலாமென அரசு இளகியதும், எடையே பெருமதியாகவுள்ள அழகற்ற வெள்ளிச் சாமான்கள் சைபீரிய வழியெங்கும் கிழக்கு நோக்கிப் பயணமாயின.

முதலிலே ருஷ்யர் கொடுத்தது உரோமத் தோல். அணில், நரி, சேபிள் எனப்படும் கீரியை ஒத்த சிறு விலங்கு ஆகியவற்றின் தோல்களுக்கு வட சீனத்தின் குளிரிலே நல்ல விலை கிடைத்தது. எல்லாவற்றிலும் மேலாகச் சீனச் செல்வர் விரும்பியது கடல் நீர்நாயின் தோல். அவ்விலங்கு வாழ்ந்ததோ பசிபிக் பெருங்கடலின் வட விளிம்பிலே. அதைத் தேடியே ருஷ்ய வேடர்கள் அலூசியத் தீவுகளுக்கும் அலாஸ்காவுக்கும் போயினர். 1799ஆம் ஆண்டு ருஷ்ய அமெரிக்கக் கம்பெனி அமைக்கப்பட்டது. அத்தீவுகளின் ஆண்மக்கள் குடும்பங்களை விட்டுப் பிரிக்கப்பட்டு, தோற்படகுகளிலே வேட்டைக்கு அனுப்பப்பட்டனர். நோயும் பசியும் வன்முறையும் சேர்ந்து அம்மக்களின் தொகையை வெகுவாகக் குறைத்துவிட்டன. நீர்நாயும் அருகிப் போயிற்று. கியாக்தாவின் பண்டசாலையிலே ஒரு தோலுக்கு விலை பேசியவன், அத்தீவுகளை என்றும் கண்டவனல்லன். அவன் பேசிய விலையோ அங்கே உயிர்களின் தலைவிதியை எழுதியது.

மேற்கு நோக்கி வந்தவற்றுள் வியப்புக்குரியது ஒரு மருந்துக் கிழங்கு. தமிழ் மருந்துக் கடைகளிலே ரேவல்சின்னி என வழங்குவது அதுவே. சின்னி என்னும் பகுதி சீனத்தைக் குறிப்பதாம். மலம் இளக்கும் மருந்தாக அதை ஐரோப்பியர் பெரிதும் நாடினர். ருஷ்ய அரசு அதைத் தன் தனியுரிமையாக வைத்துக்கொண்டு, கியாக்தாவிலே மருந்தியல் வல்லார் ஒருவரை அமர்த்தி, துண்டு துண்டாகச் சோதித்து, பழுதுற்றதை எரித்துவிட்டது. அதனால் ருஷ்ய ரேவல்சின்னி என்றால் ஐரோப்பாவெங்கும் தனி மதிப்பு உண்டாயிற்று. அயல்நாட்டார் இக்கிழங்கின்றி வாழ முடியாதெனச் சீன அரசு நம்பியது. 1785ஆம் ஆண்டு வாணிகம் நிறுத்தப்பட்டிருந்த வேளையிலே, தென்கோடியிலுள்ள கன்டன் துறைமுகத்திலும் ரேவல்சின்னி ஏற்றுமதியை 1789இல் தடுத்தமை இந்நம்பிக்கையினாலேயே. கடல்வழியாகச் சுற்றிவந்து ருஷ்யர் கையிற் சேர்ந்துவிடுமோ என்ற அச்சம்!

வாயில் மூடப்பட்டது அதுவே முதன்முறையன்று. 1762 முதல் 1768 வரையும், 1778 முதல் 1780 வரையும் மூடியிருந்தது. 1785இல் மூடியதற்குக் காரணம் ஒரு சிறு கொள்ளை. ருஷ்ய எல்லையைச் சேர்ந்த புரியாத்து இனத்தவர் சிலர் சீன வணிகரைக் கொள்ளையிட்டனர். சீன அரசு எதிர்பார்த்த தண்டனையை ருஷ்ய அதிகாரிகள் விதிக்கவில்லை. குற்றவாளிகளை நாடுகடத்துவதோடு நின்றனர். அதன்பொருட்டு ஏழாண்டுகள் வாணிகமே இல்லை. உரோமத் தோல்கள் பண்டசாலைகளிலே தேங்கின. பீக்கிங் அரசுக்குக் கியாக்தா வெறும் சந்தையாக இருக்கவில்லை. அயலானை வழிக்குக் கொண்டுவருவதற்கான கடிவாளமாகவும் அது இருந்தது. ருஷ்ய அரசுக்கோ இழப்பு அதிகம். 18ஆம் நூற்றாண்டின் நடுவிலே அப்பேரரசின் சுங்க வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே சாவடியிலிருந்து வந்தது. படையினாற் சாதிக்க முடியாததைக் கதவொன்றைச் சாத்துவதனாற் சாதிக்கலாமென்பதைச் சீன அமைச்சர்கள் நன்கறிந்திருந்தனர்.

1792ஆம் ஆண்டு புதிய ஒப்பந்தத்தோடு வாயில் திறந்தது. அதன் பின்னரே தேயிலையின் காலம் உச்சத்தை அடைந்தது.

தென் சீனத்துப் பூக்கியென் மாகாணத்தின் ஊயி மலைகளிலே கொய்த தேயிலையைச் சான்சி வணிகர் வாங்கினர். ஆறுகளின் வழியே படகிலும், மலைகளின் மீது சுமையாட்களின் தோளிலும் அது வடக்கு நோக்கி வந்தது. பெருஞ்சுவரின் வாயிலாகிய கல்கான் நகரிலே ஒட்டகங்களின்மீது ஏறியது. அங்கிருந்து கோபிப் பாலைவனத்தைக் கடந்து கியாக்தா சேர 800 மைலுக்கு மேல். கியாக்தாவிலே அதற்கென ஒரு தொழிற்கூட்டம் காத்திருந்தது. பச்சை மாட்டுத்தோலை, உரோமம் உட்புறமாகத் திருப்பி, தேயிலைப் பெட்டியின்மீது போர்த்தித் தைப்பவர் அவர். தோல் காய்ந்து இறுகியதும் மழையும் பனியும் உள்ளே புகா. பிறகு இர்க்குட்ஸ்க், டொம்ஸ்க் வழியாக, கோடையிலே வண்டியும் ஆற்றுப் படகும், மாரியிலே பனிச்சறுக்கு வண்டியுமாக, நிஷ்னி நோவ்கொரொட் பெருஞ்சந்தையை நோக்கிய பயணம். கியாக்தாவிலிருந்து மொஸ்கோவரை ஏறத்தாழ 4,000 மைல். சீனத் தோட்டத்திலே கொய்த இலை மொஸ்கோக் கடைக்கு வர ஓராண்டுக்கு மேலாயிற்று.

இந்த 4,000 மைல் நீளத்தையும் ஓர் ஊராகவே கருதிப் பார்த்தல் வேண்டும். சைபீரியக் குடியானவன் உழவில்லாத மாரிக்காலத்திலே தன் குதிரையைத் தேயிலை வண்டியிற் பூட்டினான். வழியோரக் கிராமங்கள் அவனுக்குச் சோறும் குதிரைக்கு வைக்கோலும் விற்றன. புரியாத்து மக்களின் மாடுகள் தோலாகவும் இறைச்சியாகவும் விலைபோயின. டொம்ஸ்க் நகரை அண்டிய காடுகளிலே, செல்லும் வண்டியின் கயிற்றை அறுத்துப் பெட்டியைத் தள்ளிச் செல்லும் கள்வர்க்கெனத் தேயிலை அறுப்போர் என்றொரு பெயரே வழங்கிற்று. கள்வர்க்கும் ஒரு தொழிற்பிரிவை உண்டாக்கிய வாணிகம் பெரிய வாணிகமே. தூளையும் முரட்டு இலையையும் செங்கல் வடிவிலே அழுத்திய தேயிலைக் கட்டிகள் மொங்கோலியரிடையேயும் புரியாத்தரிடையேயும் உணவாக மட்டுமன்றிப் பணமாகவும் வழங்கின. பாலும் உப்பும் இட்டுக் காய்ச்சினால் உணவு, காய்ச்சாதிருந்தால் நாணயம்.

ருஷ்யாவின் உட்பகுதியிலே விளைந்த மாற்றமும் சிறிதன்று. உரோமத் தோல் குறையக் குறைய, தேயிலைக்கு ஈடாகக் கொடுக்க வேறு சரக்கு வேண்டியிருந்தது. முதலிலே அயல்நாட்டுக் கம்பளியை வாங்கிக் கொடுத்தனர். பின்னர் மொஸ்கோவைச் சூழ்ந்த ஆலைகள் சீனச் சந்தைக்கென்றே கம்பளித் துணி நெய்யத் தொடங்கின. தோற்பதனிடும் தொழில் சைபீரியாவிற் பரவியது. தூலா நகரத்து உலோகத் தொழிலாளர் தேநீர்க் கொதிகலமாகிய சமோவாரைச் செய்து குவித்தனர். ஏவலாளுக்குக் கொடுக்கும் சிறு கைப்பொருளுக்குத் தேநீர்க்கென்று என்பதே ருஷ்ய மொழியிற் பெயராகிவிட்டது. சொல்லிலும் வழியின் சுவடு உண்டு. தென் சீனத் துறைமுகத்து வழக்காகிய தே என்ற ஒலி கப்பலேறி ஒல்லாந்தர் வாயிலாகப் பரவியதனாலே தமிழிலே தேயிலை என்கிறோம். ருஷ்யரோ தரைவழியே வந்த சா என்னும் ஒலியைக்கொண்டு சாய் என்கின்றனர்.

1857ஆம் ஆண்டு நியூயோர்க் பத்திரிகையொன்றிலே கார்ல் மார்க்ஸ் எழுதிய கட்டுரையிலே இவ்வாணிகத்தின் வளர்ச்சி குறிக்கப்பட்டுள்ளது. 1840களின் முற்பகுதிவரை ஆண்டொன்றுக்குச் சராசரி 40,000 பெட்டித் தேயிலைக்கு மேற் போகாதிருந்த விற்பனை, 1852இல் 175,000 பெட்டியாயிற்று என்கிறார் அவர். விலையை நிர்ணயித்தவர் இருபக்கத்திலும் அறுவராகப் பன்னிருவரே என்பதும் அவர் தரும் செய்தி. ஒரு பேரரசின் மக்கள் அருந்தும் தேநீரின் விலை பன்னிருவர் வாயிலே இருந்தது!

கியாக்தா வணிகர் செல்வத்திலே திளைத்தனர். 1838ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட உயிர்த்தெழுதல் ஆலயத்திலே பளிங்குக் கண்ணாடித் தூண்களை நிறுத்தினர். அவர்களை வெறும் பகட்டுக்காரர் எனத் தள்ளிவிடவும் இயலாது. ஒவ்வொரு தேயிலைப் பெட்டியிலிருந்தும் ஒரு சிறு தொகையை ஊர்ப்பொதுவுக்கெனத் தாமே ஒதுக்கினர். பாதைகளும் பாடசாலைகளும் அதனால் எழுந்தன. சீன மொழி கற்பிக்கும் பள்ளியொன்று 1830களிலே அங்கே தொடங்கிற்று. ருஷ்யாவின் தலைசிறந்த சீனவியல் அறிஞராகிய பிச்சூரின் அடிகளே அங்கு கற்பித்தார். 1862இலே ஊருக்கெனப் புதினப் பத்திரிகை ஒன்றும் தோன்றியது. எதிர்ப்பக்கத்திலே சான்சி வணிகர் ஈட்டிய செல்வமும் முடங்கிக் கிடக்கவில்லை. 1823ஆம் ஆண்டளவிலே பிங்யாவ் நகரிற் பிறந்து சீனமெங்கும் கிளைத்த உண்டியற் கடைகள் அம்மாகாணத்து வணிகர் கண்டவையே.

ஆயினும் இவ்வளவு செல்வமும் எதனால் விளைந்தது? மண்ணின் வளத்தாலன்று, அங்கே விளைந்தது ஒன்றுமில்லை. வேறு வாயில் இல்லாமையே கியாக்தாவின் சுரங்கம். 1805ஆம் ஆண்டின் இறுதியிலே இரண்டு ருஷ்யக் கப்பல்கள் கன்டன் துறைமுகத்தை அடைந்து உரோமத் தோல்களை விற்றபோது, ருஷ்யர் கியாக்தாவிலன்றி வேறெங்கும் வாணிகம் செய்தல் கூடாதெனப் பீக்கிங் கட்டளையிட்டது. ருஷ்ய அரசும் தன் பங்குக்கு, கடல்வழித் தேயிலை நாட்டுக்குள் வருவதை 1860களின் தொடக்கம்வரை தடுத்துவைத்தது. தரைவழியே வந்த தேயிலையே மணம் குன்றாதது, கடற்காற்றுப் பட்டது பழுதானது என்று வணிகர் பெருமை பேசினர். அப்பேச்சிலே ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். ஆனால் மலிவான கடல்வழித் தேயிலை பிரஷ்ய எல்லையூடாகக் கள்ளமாக வந்து விற்பனையானதைப் பார்க்கும்போது, மணத்தைவிட விலையையே மக்கள் பெரிதாகக் கருதினர் என்பது தெளிவு. கியாக்தாவின் கண்ணாடித் தூண்களுக்கான பணத்தை ருஷ்யக் குடியானவன் தன் தேநீர்க் கோப்பையூடாகக் கொடுத்தான் என்பதை மறத்தலாகாது.

வாயிலை உடைத்தது படையன்று. வேறு வாயில்கள் திறந்தமையே. 1851இல் மத்திய ஆசியப் பக்கத்திலே இரண்டு சந்தைகள் திறந்தன. தாய்ப்பிங் கிளர்ச்சியினால் ஊயி மலை வழி தடைப்பட்டது. 1858ஆம் ஆண்டு தியன்சின் உடன்படிக்கையினாலே சீனத் துறைமுகங்களும், 1860ஆம் ஆண்டு பீக்கிங் உடன்படிக்கையினாலே உள்நாட்டு வழிகளும் ருஷ்யருக்குக் கிடைத்தன. கியாக்தாவிற் காத்திருந்து வாங்கிய வணிகன், இப்பொழுது யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஹாங்கௌ நகருக்கே சென்று, அங்கே தேயிலைக் கட்டி அழுத்தும் ஆலைகளை நிறுவினான். இடையிலே நின்ற சான்சி வணிகருக்கு இது பேரிடி. மைமைசெங்கின் கடைகளுட் பெரும்பாலானவை மூடப்பட்டன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஹாங்கௌவிலிருந்து கருங்கடற் கரையிலுள்ள ஒடெசாவுக்குத் தேயிலைக் கப்பல்கள் நேராகச் சென்றன. அதே வழியிலே, 1890களில், இலங்கைத் தேயிலையும் ருஷ்யரின் சமோவாருக்குப் போய்ச் சேர்ந்தது. 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய பயிரும், அதைக் கொய்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் சைபீரிய வண்டிக்காரனின் பிழைப்போடு போட்டியிட்டதை இருதிறத்தாருமே அறிந்திரார்.

கியாக்தா ஒரே நாளில் வீழ்ந்துவிடவில்லை. சைபீரியாவுக்கும் மொங்கோலியாவுக்கும் வேண்டிய தேயிலைக் கட்டிகள் அதன் பின்னரும் நெடுங்காலம் ஒட்டகத்திலே வந்தன. பெட்டிகளின் தொகை சில ஆண்டுகளிலே கூடவும் செய்தது. விலை கூறும் உரிமைதான் கைநழுவிப் போயிற்று. சுங்கச் சாவடி இர்க்குட்ஸ்க் நகருக்கு மாறியது. பெருவணிகர் தம் முதலை ஹாங்கௌவுக்கும், பொன் அகழ்தலுக்கும், ஆற்றுக் கப்பலுக்கும் மாற்றிக்கொண்டனர். முதல் உடையவனுக்கு வழி பல. பச்சைத் தோல் தைப்பவனுக்கும் வண்டி ஓட்டியவனுக்கும் அவ்வாறில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சைபீரியப் புகையிரதமும் மஞ்சூரியா வழியே சென்ற கிளைப்பாதையும் முழுமையடைந்தபோது, தேயிலை இரும்புப் பெட்டியிலே சென்றது. அதற்கு மாட்டுத்தோல் வேண்டியதில்லை. வழியோரக் கிராமங்களிலே குதிரைகள் நின்றன, வண்டிகள் வரவில்லை.

1911இல் மொங்கோலியா சீனப் பேரரசிலிருந்து விலகியது. 1921ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே சுக்பாத்தாரின் மொங்கோலியப் படை மைமைசெங்கைச் சீனப் படையிடமிருந்து கைப்பற்றியபோது, மரத்தாற் கட்டிய அவ்வூர் தீக்கிரையாயிற்று. அதன் அருகே இன்றுள்ள மொங்கோலிய ஊர் அல்தான்புலாக். பொன்னூற்று என்பது அதன் பொருள். இரண்டாம் உலகப் போரையடுத்து உலான்பத்தாருக்குப் புகையிரதப் பாதை இட்டபோது, அது கியாக்தாவைத் தொடாது மேற்கேயுள்ள நவுஷ்கி வழியாகச் சென்றது. கியாக்தாவிலே ஆலயமும், 1890இல் நிறுவிய அரும்பொருட்சாலையும், பழைய பண்டசாலைக் கட்டடங்கள் சிலவும் உள்ளன. எல்லைச் சாவடியும் இருக்கிறது. அதனூடாக லொறிகள் மொங்கோலியாவுக்குப் போய்வருகின்றன.